பூசணிப் பாத்தி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் இவர் குளிக்க மாட்டேன் என்று ஒரே அடம். தண்ணீர் கொதிக்கிறது என்றார். ஆற்றி வைத்தேன். ஜில்லென்று இருக்கிறது என்றார். குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது? முழங்கால் வலி ஒரு பக்கம், அடுப்பில் பால் ஒரு பக்கம். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. வாய் நீளம் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டுத்தான் போனார். பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் கத்திவிட்டேன்: "வார்டர்!"

இவர் விறைத்து நின்றார். இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. "ஐயா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனை காலம் ஆகிவிட்டது! பெற்ற மகளை "நீ யாரும்மா" என்று கேட்கிற மனிதருக்கு ஜெயிலரின் அதட்டல் மட்டும் மறக்கவில்லை. "போய்க் குளி" என்றேன், அதே குரலில், கொஞ்சம் மூக்கால் பேசி. அந்தக் காலத்து ஜெயிலர் அப்படித்தான் பேசுவார். வார்டர் குடியிருப்பில் பெண்களெல்லாம் சேர்ந்து அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்போம். "சரிங்கய்யா" என்று போய்க் குளித்துவிட்டு வந்தார். காதுக்குப் பின்னால்கூடத் தேய்த்திருந்தார்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கட்டின புருஷனை வா, போ என்று அதட்ட இந்த வயசில்தான் எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

விளக்குப் போடும் நேரத்தில் வழக்கம்போல எண்ணிக்கை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு வீட்டில் இருப்பவர்களை விரல் நீட்டி எண்ணுவார். கொட்டடிகளைப் பூட்டுமுன் கைதிகளை எண்ணிய பழக்கம். நான் இருக்கிறேன், மாடியில் குடியிருக்கும் மகளும் மருமகனும் இறங்கி வந்து நிற்கிறார்கள். யார் நின்றாலும் கடைசியில் ஒரே பேச்சுதான். "ஆள் குறையுது." எல்லாரும் இருக்கோம்ங்க, சாப்பிட வாங்க என்பேன். நம்ப மாட்டார். வாசல் கதவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்.

மார்ச் 6, வியாழன்

ஜெயிலர் குரலில் மாத்திரை விழுங்க வைத்தேன். மகள் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, "அம்மா, உனக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல" என்றாள்.

போடி. நீ வந்து விழுங்க வை பார்ப்போம்.

மார்ச் 9, ஞாயிறு

பழகின இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மனசு கொஞ்சம் தெளியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவருக்குப் பழகின இடம் வேறென்ன இருக்கிறது? பழைய சிறைக்குத்தான் அழைத்துப் போனேன்.

சிறையை மூடி, வெள்ளையடித்து, பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே போக டிக்கெட். அந்தக் காலத்தில் வெளியே வரத்தான் பாடு. வாசலிலேயே ஒரு கடை. கைவிலங்கு மாதிரி செய்த சாவி வளையம் விற்கிறார்கள். கொட்டடிகளுக்குள் மெழுகு பொம்மைகளை உட்கார வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் எங்கள் மருமகனைப் போலக் கொழுகொழுவென்று இருக்கிறது. இங்கே அடைபட்டுக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விலா எலும்பை எண்ணலாம்.

எல்லாவற்றுக்கும் உள்ளே, நாலு பக்கமும் ஆளை முழுங்குகிற உயரத்தில் சுவர் எழும்பிய இடத்தில், தோட்டம். இப்போது ரோஜா, புல்தரை, கல் பாவிய நடை, அழகான பெஞ்சு. ஒரு மூலையில் பழைய கிணறு, மேலே இரும்பு வலை போட்டு மூடியிருக்கிறது. முன்பு இது முழுக்கக் காய்கறிப் பாத்தி. கைதிகள் கொத்துவார்கள், இவர் தடியோடு நிற்பார். வார்டர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு வருவார்கள்.

இவர் முகம் வாசலைத் தாண்டியதுமே மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. கைத்தடியால் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். வார்டர்கள் தினமும் செய்கிற வேலை அது. அறுத்து வைத்த கம்பி என்றால் ஓசையில் காட்டிக்கொடுத்துவிடும். கணீர், கணீர், கணீர். தட்டி முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. டாக்டர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும். கிழக்குச் சுவரோரம் ஒரு பெரிய ரோஜாப் பாத்தி. கல் நடை அதன் நடுவே போகிறது. எல்லாரும் அதில்தான் நடக்கிறார்கள். இவர் நடக்கவில்லை. என் கையை உதறிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். முள் குத்தும் என்று பயம் போலிருக்கிறது.

மார்ச் 15, சனி

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

தோட்டத்துப் புல்தரையில் சுற்றுலா வந்த கும்பல் ஒன்று சாப்பிட உட்கார்ந்திருந்தது. இவர் நேரே போய்த் தடியைத் தரையில் குத்தி, "எந்திரி! ஜோடி ஜோடியா குந்து!" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர்கள் என்னடாவென்றால் சிரித்துக்கொண்டே இரண்டிரண்டு பேராகக் குந்திவிட்டார்கள்! தொப்பையைத் தூக்கிக்கொண்டு குந்த முடியாமல் ஒருவர் மல்லாக்க விழுந்தார். இவர் வரிசையோடு நடந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆள் குறையுது."

கைதட்டல்! இவரை நடிக்க வைத்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு அந்த இடத்துக்குப் பொறுப்பான மேடம் ஓடி வந்தாள். சின்ன வயசுக்காரி, கழுத்தில் அடையாள அட்டை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்குமுன், "நிஜமாவே இங்க வேலை பார்த்தவரா? அடேயப்பா! சனிக்கிழமை தோறும் கூட்டிட்டு வாங்கம்மா. பழைய யூனிஃபார்ம் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மார்ச் 17, திங்கள்

பெட்டியிலிருந்து காக்கி உடுப்பை எடுத்து, தையலைப் பிரித்துச் சிறிதாக்கினேன். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவள், இவருக்குத் தைக்கக் கசக்குமா? தோளில் இரண்டு விரல் பிடித்தேன். இடுப்பில் கையளவு பிடிக்க வேண்டியிருந்தது. மனிதர் இவ்வளவா உருகிப் போனார்.

மார்ச் 22, சனி

உடுப்போடு போனோம். தொப்பி காதில் வந்து நிற்கிறது, ஆனாலும் ஒரு கம்பீரம். இரண்டு முறை எண்ணிக்கை, இரண்டு முறை கைதட்டல்.

வெயிலுக்கு பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே ஏற்கெனவே ஒரு அம்மாள், நீலக் குடையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூப்பு இருக்கும். கைதட்டலின்போது அவள் மட்டும் தட்டவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். இவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"சார், இங்க எந்தக் காலத்துல இருந்தீங்க? என் தம்பி இங்கதான் இருந்தான். போஸ்டர் ஒட்டினான்னு புடிச்சிட்டு வந்தாங்க."

இவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தப்பிச்சிட்டான். வடக்குச் சுவர். கயிறு."

நான் பதறிப்போய், "அவருக்கு ஞாபகம் சரியில்லைக்கா, ஏதாவது உளறுவாரு" என்றேன்.

"இல்லம்மா, சரியாத்தான் சொல்றாரு. அன்னைக்கும் இதேதான் சொன்னாங்க." குடையின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "அவனுக்கு உயரம்னாலே ஆகாது. முக்காலி மேல ஏறி பல்பு மாட்டச் சொன்னா கால் வெடவெடன்னு ஆடும். எப்படித்தான் இந்தச் சுவத்தை ஏறினானோ. உசுருக்குப் பயந்தா ஏறிடுவாங்க போல."

இந்தத் தோட்டம் திறந்ததிலிருந்து வருகிறாளாம். ஓடினவன் என்றைக்காவது ஓடின இடத்தைப் பார்க்க வருவான் இல்லையா, அதற்காக.

"எங்கம்மா சாகற வரைக்கும் வாசக்கதவைத் தாழ் போட விடலை. நானும் இன்னி வரைக்கும் போடல. ஆனா வரட்டும், மொதல்ல செருப்பால அடிப்பேன். அம்மா படுக்கையில கெடந்து அவன் பேரையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? கல் நெஞ்சுக்காரன்."

திரும்பி வரும்போது எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு!

மார்ச் 23, ஞாயிறு

பூசணிக்காய்.

அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வேண்டாம் என்றாலும் வருகிறது.

மகள் பிறந்த வருடம், விடாத மழை. குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் சிறைத் தோட்டத்துப் பூசணி. இவரும் கொண்டு வருவார். ஒரு நாள் விடிகாலையில் வந்தவர் முழங்கை வரைக்கும் சேறு. குழாயடியில் உட்கார்ந்து கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு காய்கூட வீட்டுக்குள் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பாசமாக ஒரு கீற்று கொடுத்தனுப்பினால் அதையும் எடுத்துப் போய்க் குப்பையில் போட்டார். "புழு" என்றார். ஊரே தின்கிறது, உங்களுக்கு மட்டும் என்ன புழு என்று நான் வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு காய் வாங்கக் கடைக்கு நடந்தது நான்தானே.

அந்த மழையில்தான் ஒரு கைதி தப்பித்துப் போனான் என்று குடியிருப்பில் பேச்சு.

பூசணிக் கொடி ஓடியது கிழக்குச் சுவரோரம்.

சீ, என்ன புத்தி எனக்கு.

மார்ச் 29, சனி

போகாமல் இருந்திருக்கலாம். உடுப்பை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து வாசலில் நிற்கிறார், என்ன செய்ய?

தோட்டக்காரர் ரோஜாப் பாத்தியைக் கொத்த மண்வெட்டியோடு வந்தார். நல்ல மனிதர், இவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வணக்கம் வைப்பார். முதல் வெட்டு விழுந்திருக்காது. இவருக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, போய் மண்வெட்டியைப் பிடுங்கிவிட்டார். "இங்க போடாத! இந்தப் பாத்தியில மண்வெட்டி போடக்கூடாதுன்னு உத்தரவு!"

"சரிங்க சார், போடல. விடுங்க" என்று தோட்டக்காரர் சிரித்துச் சமாளித்தார். சுற்றி நின்றவர்கள் இதற்கும் கைதட்டினார்கள். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாத்தி ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றார். உடம்பெல்லாம் வியர்வை.

நீலக் குடை பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவள் கண்ணுக்கும் இவருக்கும் நடுவில் போய் நின்றேன். ஏன் நின்றேன்? எனக்குத் தெரியும் ஏன் நின்றேன் என்று.

ஏப்ரல் 1, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு வாசலைச் சாத்தினேன். இவரைக் கூடத்தில் நிற்க வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, மூக்கால் பேசினேன்.

"வார்டர். பூசணிப் பாத்தியில என்ன இருக்கு?"

மெதுவாக, "ஐயாவுக்குத் தெரியுங்களே" என்றார்.

"நீ சொல்லு."

"ஐயா சொன்னபடியே செஞ்சாச்சுங்க. ஆழமாத்தான் தோண்டினோம். மழையில மண்ணு எளக்கமா இருந்துச்சு. மேல கொடியைத் திருப்பி விட்டாச்சு. வடக்குச் சுவத்துல கயிறு கட்டித் தொங்க விட்டாச்சு. யாரு கேட்டாலும் தப்பிச்சிட்டான்னு சொல்லியாச்சுங்க."

"யாரு அவன்?"

"போஸ்டர் ஒட்டின பையன்ங்க."

"எப்படிச் செத்தான்?"

"அடி தாங்கலைங்க. தண்ணி கேட்டான்."

"குடுத்தியா?"

"ஐயா குடுக்க வேணாம்னுட்டீங்க."

கடவுளே. அந்த ஜெயிலரின் குரலில்தான் நான் இவரைத் தினமும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

"யார் யார் அடிச்சது?"

"நாங்க நாலு பேருங்க."

"நீயுமா?"

இந்த இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. ஜெயிலர் போய்விட்டார், நான்தான் நின்றேன். இவர் என் முகத்தைப் பார்த்துக் குழம்பினார். விடக்கூடாது. முந்தானையை வாயில் அழுத்தி எடுத்துவிட்டு மறுபடியும் கேட்டேன். "நீயுமா, வார்டர்?"

"நானுந்தாங்கய்யா. மொதல்ல காலைத்தான் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் அடிச்சேன்."

பிறகு இவர்தான் கேட்டார். "ஐயா, நான் வீட்டுக்குப் போகலாமுங்களா? அவ கைக்கொழந்தையோட தனியா இருப்பா."

போ என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

இவர் தட்டில் சோறு போட்டேன். பக்கத்தில் உட்காரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மகளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு முகம் வெளிறிப்போய், கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீ ஜெயிலர் மாதிரி மிரட்டினா அவர் எதைக் கேட்டாலும் ஆமாம்பாருமா. நீயே அவர் வாயில வார்த்தையைப் போட்டிருப்ப."

பூசணியைச் சொன்னேன். சேற்றைச் சொன்னேன். மண்வெட்டியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள்.

"என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்ட மனுஷன்மா அவரு. அவருக்கே ஞாபகம் இல்லாததுக்கு இப்ப எதுக்குத் தண்டனை?"

"தண்டனைக்கு இல்லடி. அந்தம்மா ஒரு பாவமும் அறியாத தம்பியை இத்தனை வருஷமா திட்டிக்கிட்டு இருக்கா."

"திட்டட்டுமே! அவங்க நம்பிக்கையோட இருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும். அப்பா போனதுக்கப்புறம் சொல்லேன். யாரு வேணாங்கறா? இப்ப சொன்னா என் ஸ்கூல்ல நான் எந்த மூஞ்சியோட போய்ப் பாடம் நடத்துவேன்? உங்க மாப்பிள்ளை வீட்டுல என்னை என்ன பேசுவாங்க?"

அவள் சொல்வதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் இவருக்கு முன்னால் அந்த அம்மாள் போய்விட்டால்?

"சொன்னீன்னா நாங்க இந்த வீட்டுல இருக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

ஏப்ரல் 5, சனி

போகவில்லை. இவர் தொப்பியோடு வாசலிலேயே நின்றார். மேடம் போன் செய்தாள், கூட்டம் காத்திருக்கிறதாம். உடம்பு சரியில்லை என்றேன்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

இவருக்கு நகம் வெட்டினேன். இதே கைதானே. இதே கையால்தான் எனக்குப் பிரசவ ஜன்னி கண்டபோது நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டார். எந்தக் கையை வெறுப்பது? நகத்தோடு சதையையும் சேர்த்து வெட்டிவிட்டேன். ரத்தம் வந்தது. இவர் "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. நான்தான் அலறினேன்.

ஏப்ரல் 12, சனி

இவரை மகளிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். குடைக்காரம்மா அதே பெஞ்சில். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நல்லவேளை வந்தீங்க. சொல்லிட்டுப் போலாம்னு இருந்தேன். இனிமே நான் வரப்போறதில்ல."

"ஏங்க்கா?"

"கால் ஒத்துழைக்கல. மனசும் விட்டுப்போச்சு. அவனைத் தலைமுழுகிட்டேன்மா. நேத்து சுவத்துல இருந்த போட்டோவையும் கழட்டிட்டேன். எங்கயோ பொண்டாட்டி புள்ளைன்னு சவுக்கியமா இருப்பான். நான்தான் பைத்தியக்காரி மாதிரி இந்தப் பூவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவள் செருப்பு நுனி பாத்தியின் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு ரோஜாவை முகர்ந்து பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "வெயில் ஏறுதுக்கா, கெளம்புங்க" என்றுதான் வந்தது. சலவைக்கடைக்கு எதிர்வீடு, அந்தப் பக்கம் வந்தால் வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் குடையை ஊன்றி ஊன்றிப் போனாள்.

வாய் நீளமாம் எனக்கு. தேவைப்படும்போது எங்கே போய்த் தொலைந்தது?

ஏப்ரல் 13, ஞாயிறு

போனேன். தட்டினதுமே கதவு தானாகத் திறந்துகொண்டது. தாழ் இல்லை.

உள்ளே ஒரே அறை. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. டீ போடுகிறேன் என்று எழுந்தவளை, வேண்டாங்க்கா உட்காருங்க என்றேன். சுற்றி வளைக்கவில்லை. வளைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"உங்க தம்பி ஓடிப்போகல. அந்த ரோஜாப் பாத்திக்குக் கீழதான் இருக்கான். அன்னைக்கே அடிச்சுக் கொன்னுட்டாங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. நீங்க யாரு சொல்றதுக்கு என்று கேட்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். சின்னக் குழந்தை மாதிரி கேட்டாள். "அப்போ அவன் எங்களை விட்டுட்டுப் போகலையா?"

"இல்லைக்கா."

"அந்தச் சுவத்துல ஏறவே இல்லையா?"

"இல்ல."

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, கழற்றி வைத்த படத்தை எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். பையனுக்கு அரும்பு மீசை. "நான் இவனை என்னென்னல்லாம் பேசினேன்" என்றாள். "அம்மாவும் அவன் விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தாங்க." துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரரும் அடிச்சாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "அடிச்சாரு" என்றேன்.

"எந்திரிச்சுப் போங்க."

எழுந்து வந்தேன். தெருவில் இறங்கினதும் பின்னால் கதவு சாத்துகிற சத்தம். அதற்குப் பிறகு தாழ்ப்பாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், இழுக்க வரவில்லை போல. அடித்து அடித்துப் போட்டாள்.

சலவைக்கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன். ஒருத்தன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். என்னால் குடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

அவள் புகார் கொடுத்தாள். நானும் போய்க் கையெழுத்துப் போட்டேன். போலீஸ் வீட்டுக்கு வந்தது. இவர் அவர்களை வரிசையில் நிற்கச் சொன்னார். கூட வந்த டாக்டர் பேசிப் பார்த்துவிட்டு, இவரை எங்கேயும் கொண்டுபோய்ப் பயனில்லை என்று எழுதிக் கொடுத்தார். மற்ற மூன்று பேரும் ஜெயிலரும் போய்ச் சேர்ந்தாயிற்று. எல்லாருக்கும் நல்ல சாவு, படுக்கையில்.

தோட்டத்தைப் பூட்டிவிட்டுத் தோண்டினார்கள். தோட்டக்காரர் போனில் சொன்னார். ரோஜாவை வேரோடு எடுத்து ஓரமாக வைத்தாராம், வேறு யாரையும் தொட விடவில்லையாம். "இருந்துச்சும்மா" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விளம்பரத்துக்கு வாசல் தட்டியில் ஒட்டியிருந்த இவர் படத்தை மட்டும் எடுத்துவிட்டார்களாம்.

மே 6, செவ்வாய்

மாடி காலி. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மருமகன் போகிறேன் என்றாவது சொன்னார். மகள் இவரிடம் மட்டும் போய்க் காலைத் தொட்டுவிட்டு, என்னைத் தாண்டிக்கொண்டு போனாள்.

"யாரது?" என்றார் இவர்.

மே 18, ஞாயிறு

இன்று அடக்கம் நடந்ததாம். அந்த அம்மாளும் தோட்டக்காரரும் தெருக்காரர்களும் மட்டும். என்னை அழைக்கவில்லை. அழைக்க மாட்டாள், அழைக்கவும் கூடாது. பழைய படத்தைப் பெரிதாக்கி முன்னால் வைத்திருந்தார்களாம்.

உடுப்பைத் துண்டு துண்டாக வெட்டினேன். பொத்தானைக்கூட எடுத்து வைக்கவில்லை.

மே 19, திங்கள்

ஜெயிலர் குரலில் இனி பேசுவதில்லை என்று வைத்திருந்தேன். குளிக்காவிட்டால் போகட்டும். இந்த ஒரு மாதமாகக் கெஞ்சித்தான் எல்லாம் நடக்கிறது.

விளக்குப் போட்டதும் எண்ணிக்கைக்கு நின்றார். வீட்டில் நான் ஒருத்திதான். மனசுக்குள் ஒரு பைத்தியக்கார நினைப்பு: அந்தப் பையன் வெளியே வந்துவிட்டான் அல்லவா, இன்றைக்காவது இவருக்குக் கணக்குச் சரியாக வரும். அதற்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிடுவார், தூங்குவார். நானும் தூங்குவேன்.

என்னை நோக்கி விரலை நீட்டினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னும் ஆள் குறையுது."

"மகளும் மாப்பிள்ளையும் வேற வீட்டுக்குப் போயிட்டாங்கங்க. நாம ரெண்டு பேர்தான்."

தலையை ஆட்டினார். கைத்தடியால் தரையைத் தட்டினார், கம்பியைத் தட்டுகிற மாதிரி. "வெளிய போனவங்க இல்லம்மா. உள்ள இருக்கறவங்க."

சாப்பிட வாங்க என்று சொல்லியிருக்கலாம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு விளக்கை அணைத்திருக்கலாம். இனி நான் இழக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டால், இவர் ஒருவர்தான்.

நேராக நின்றேன்.

"வார்டர். எங்க?"

கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. "கெணத்துக்குள்ளங்கய்யா."

யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன்.